ஈ.சி.ஆர்ல கடலோர வீடு: கண்ணாடி வீடா, தாழ்வாரம் வச்ச வீடா?

எங்க அத்தை பையன் ராணிப்பேட்டைல பிசினஸ் பண்றாரு, கல்பாக்கம் தாண்டி கடலுக்குப் பக்கமா ஒரு மனை வாங்கியிருக்காரு, நம்ம பாலாறு வயலூர்கிட்ட போய் கடல்ல சேருதே அந்தப் பக்கம்தான். ரெண்டு ஆர்க்கிடெக்ட்கிட்ட டிராயிங் வாங்கி "மச்சான், கட்டட வேலைல இருக்கற ஆளு நீ, எதுன்னு பாத்து சொல்லு"ன்னு அனுப்பினாரு. வேலூர், ஆம்பூர், காட்பாடி பக்கம் இந்த மாதிரி கடலோரத்துல வீடு கட்ட ஆசைப்படறவங்க நிறைய பேர் இருக்காங்க, அதனால அவருக்கு சொன்னத அப்படியே இங்கயும் எழுதிடறேன்.

முதல் டிராயிங், இப்ப எல்லாரும் போன்ல போட்டோ காட்டி கேக்கற டைப். தட்டையான ரூஃப், வெள்ளை கான்கிரீட், கடல் பாத்த பக்கம் தரைல இருந்து சீலிங் வரைக்கும் 10 அடி கண்ணாடி, மாடி பெட்ரூம் 8 அடி தூணே இல்லாம வெளிய நீட்டிக்கினு நிக்குது, கீழ கடலோட சேந்த மாதிரி தெரியற இன்ஃபினிட்டி பூல். ரெண்டாவது, நடுவுல முற்றம், சுத்தி ரூம், கடல் பக்கம் 10 அடி அகலத்துல தாழ்வாரம், சாய்வா ஓட்டுக்கூரை, மரத்துல லூவர் (சாய்வா அடுக்கின பட்டை) ஷட்டர், தரைக்கு ஆத்தங்குடி டைல். பழைய மாடல்னு நினைச்சிடாதீங்க, இதுவும் மாடர்ன் லக்சுரி வீடுதான், செலவும் முதல் வீட்டுக்கு ஒண்ணும் கொறையாது.

நான் முதல்ல பாத்தது திசை. அந்தக் கண்ணாடி வீட்டு போட்டோ எல்லாம் பெரும்பாலும் கலிபோர்னியா, ஸ்பெயின் பக்கத்து வீடுங்க, அங்க நிறைய எடத்துல கடல் மேற்குலயோ தெற்குலயோ இருக்கு, வெயிலும் வேற மாதிரி. நமக்கு கடல் கிழக்குல. கடல பாக்கணும்னு கண்ணாடி வச்சா காலைல 6 மணிக்கு எழும்பற சூரியன் நேரா பெட்டுக்கு வந்துடும். மேல ஸ்லாப் 8 அடி நீட்டியிருக்கு, நிழல் விழும்னு அந்த ஆர்க்கிடெக்ட் சொல்றாரு. கணக்கு போட்டுப் பாத்தேன், கோடைல காலைல 8 மணிக்கு சூரியன் சுமார் 29 டிகிரி உயரத்துலதான் இருக்கும், அப்ப 10 அடி கண்ணாடில மேல ஒரு நாலரை அடிக்குதான் நிழல், மிச்சம் முழுக்க வெயில், ஒன்பதரைக்கு மேலதான் முழுசா நிழல் வரும். தாழ்ந்த சூரியனை மேல நீட்டற ஸ்லாப் தடுக்காது, நேரா நிக்கற லூவரோ மூங்கில் தட்டியோதான் தடுக்கும், அது ரெண்டாவது வீட்டுலதான் இருக்கு. தாழ்வாரம் 10 அடி இருந்தும் அவங்க ஷட்டர் வச்சிருக்காங்க பாருங்க, அந்த ஆர்க்கிடெக்ட் நம்ம கடற்கரைய புரிஞ்சிக்கினு வரைஞ்சிருக்காரு. அதோட வடகிழக்கு பருவமழை காத்தோட சேந்து அடிக்கறதும் பெரும்பாலும் அதே பக்கம்தான், கண்ணாடி ஸ்லைடிங் டிராக்ல தண்ணி நிக்கறத நிறைய வீட்ல பாத்துட்டேன்.

இன்னொண்ணு, நம்ம ஊர் பழக்கத்த அங்க எடுத்துக்கினு போகாதீங்க. வேலூர்ல மே மாசம் மதியம் ஜன்னல சாத்திட்டாதான் உள்ள கொஞ்சமாவது இருக்க முடியும், வெளிய அடிக்கறது அனல் காத்து. கடலோரத்துல வெயில் நம்ம அளவுக்கு இல்ல, ஆனா காத்துல ஈரம் ஜாஸ்தி, காத்து ஓடினாதான் வேர்வை காயும். மதியத்துக்கு மேல கடல் காத்து கிழக்குல இருந்து கெளம்பும், அது தாழ்வாரம் வழியா உள்ள வந்து முற்றத்துல மேல ஏறி வெளிய போகணும், ரெண்டாவது டிராயிங் முழுக்க இந்த ஒரு விஷயத்துக்காகவே வரைஞ்ச மாதிரி இருக்கு. முதல் வீட்ல பாதி கண்ணாடி திறக்கவே திறக்காது, காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஏ.சிதான், அந்த ஏ.சி அவுட்டோர் யூனிட்டோட அலுமினிய தகடும் உப்புக்காத்துல சீக்கிரம் பொடியா உதிரும்.

இப்ப உப்பு. கடலோர வீட்டுக்கு உண்மையான எதிரி இதுதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். உப்புல இருக்கற குளோரைடு கான்கிரீட்டுக்குள்ள மெதுவா இறங்கி கம்பிய தொடும், கம்பி துரு பிடிக்கும், துரு இரும்பவிட ரெண்டு மடங்குக்கு மேல எடம் அடைக்கும், உள்ளேருந்து தள்ளி கான்கிரீட்டயே பொளந்துடும். அதனாலதான் கான்கிரீட்டுக்கான இந்திய தரவிதி ஐ.எஸ் 456ல, கம்பிக்கு மேல மூடியிருக்கற கான்கிரீட் கனம், அதாவது கவர், சாதாரண எடத்துக்கு 20 மி.மீ, கடலோரம்னா 45 மி.மீ, கடல் தெளிப்பு நேரா மேல படற எடத்துல 50 மி.மீன்னு போட்டிருக்கான், கான்கிரீட்டோட பலத்த சொல்ற கிரேடும் எம் 20 கிடையாது, எம் 30, எம் 35. நம்ம ஊர் மேஸ்திரி எவ்ளோ நல்ல வேலைக்காரரா இருந்தாலும் கை பழக்கத்துல 20 கவர் பிளாக் வச்சிட்டுப் போயிடுவாரு, கூடவே நின்னு பாக்கணும். போர் தண்ணில கான்கிரீட் கலக்கறதும் ஆகாது, கம்பி போடற கான்கிரீட்டுக்கு கலக்கற தண்ணில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக்கூடாது, கடல் பக்கத்து போர்ல அது சுலபமா தாண்டிடும், டெஸ்ட் பண்ணாம ஒரு கொடம் கூட ஊத்தாதீங்க.

இந்த உப்பு ரெண்டு வீட்டுக்கும் பொதுதான், ஆனா முதல் வீட்டுக்கு அடி ஜாஸ்தி. நீட்டிக்கினு நிக்கற அந்த 8 அடி கான்டிலீவர்ல முக்கியமான கம்பி மேல் பக்கம்தான் இருக்கும். கான்கிரீட் போடற அன்னிக்கு ஆளுங்க அது மேலயே நடந்து மிதிச்சா கம்பி கீழ இறங்கிடும், பலம் போச்சு. சரி ஒழுங்கா போட்டாச்சுன்னே வைங்க, மழையும் உப்பும் வந்து நிக்கறது அதே மேல் பக்கம்தான், அங்க ஒரு மயிரிழை கிராக் விழுந்தா போதும். வெளிய நிக்கற பெட்ரூம் இது, இதுல மட்டும் ரிஸ்க் எடுக்கவே மாட்டேன்.

அதுக்காக ரெண்டாவது வீடு குறையே இல்லாததுன்னு சொல்ல மாட்டேன். ஓட்டுக்கூரை புயலுக்கு நிக்காது. 2011 டிசம்பர் 30 தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல கரை ஏறுச்சு, 2016 டிசம்பர் 12 வர்தா சென்னைல, இந்த மனை ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. சென்னைல கட்டடம் தாங்கணும்னு கணக்குல எடுக்கற காத்து வேகமே வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், அதுல சும்மா அடுக்கி வச்ச ஓடு பறந்துடும். கீழ ஓட்ட தாங்க இரும்பு சட்டம் (டிரஸ்) போட்டா அது துரு, மரம்னா கரையான். இதுக்கு நான் சொன்ன வழி, சாய்வாவே ஆர்.சி.சி ஸ்லாப் போட்டு, அது மேல ஓட்ட கலவைல பதிச்சிடணும். பாக்க ஓட்டுவீடு, பலம் கான்கிரீட். செலவு கூடும், தேக்கு ஷட்டருக்கு எண்ணெய் அடிக்கற வேலையும் வருஷா வருஷம் இருக்கும், அத மறைக்க வேணாம்.

மாடர்னா தெரியாதேன்னு மச்சான் வீட்டு அக்கா கவலைப்பட்டாங்க, அவங்களுக்கு பால்மைரா ஹவுஸ் போட்டோ அனுப்பினேன். மகாராஷ்டிரால அலிபாக் பக்கம் நந்த்காவ்ல, ஸ்டுடியோ மும்பைங்கற ஆர்க்கிடெக்ட் கம்பெனியோட பிஜோய் ஜெயின் 2007ல முடிச்ச வீடு. தென்னந்தோப்புக்குள்ள நீளமா ரெண்டு மரக்கட்டடம், நடுவுல நீச்சல்குளம், வெளிப்பக்கம் முழுக்க லூவர், அந்த லூவர் என்ன மரம் தெரியுமா, பனை. நம்ம ஊர்ல சூளைக்கு வெட்டி அனுப்பற பனைய வச்சி உலகமே திரும்பிப் பாக்கற மாதிரி ஒரு கடலோர வீடு கட்டியிருக்காங்க, எனக்கு அத பாக்க பாக்க அவ்ளோ சந்தோஷம். காத்தும் வெளிச்சமும் அந்த இடுக்கு வழியா வரும், கடலும் தெரியும், வெயில் மட்டும் வெளியவே நிக்கும்.

சின்ன சாமானுங்கள்ல ரெண்டு வீட்டுக்கும் ஒரே பதில்தான். கைப்பிடி, ஸ்க்ரூ, கீல் எல்லாம் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேணாம், 316 கேளுங்க, அதுல மாலிப்டினம் கலந்திருக்கறதால உப்ப தாங்கும். கடல் பக்கம் பூல் வேணாம், முற்றத்துல வைங்க, மணல் வந்து விழறது கொறையும்.

ஆக என் ஓட்டு ரெண்டாவதுக்கு, கூரைய மட்டும் மாத்தி. மாடில ஒரே ஒரு ரூமுக்கு வடக்குப் பக்கம் பெரிய கண்ணாடி வைக்கலாம், நேர் வெயில் ரொம்ப வராது, கடற்கரையும் ஓரமா நீளத்துக்கு தெரியும், கண்ணாடி ஆசையும் தீரும்.

ஆனா எந்த டிராயிங்குக்கும் பணம் கட்டறதுக்கு முன்னாடி மச்சான்கிட்ட நான் கேட்டது வேற, உயர் அலைக்கோட்டுல (கடல் ஏத்தத்துல தண்ணி வந்து தொடற கோடு) இருந்து மனை எத்தன மீட்டர்ல இருக்குன்னு. 2019 சி.ஆர்.இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) அறிவிப்புப்படி கிராமப்புற கடலோரத்துல ஜன நெருக்கம் ஜாஸ்தியான எடத்துக்கு 50 மீட்டர், மத்த எடத்துக்கு 200 மீட்டர், அதுக்குள்ள புதுசா பங்களா கட்ட விட மாட்டாங்க. புரோக்கர் வாய்ல சொல்ற மீட்டர நம்பாம கடலோர மேலாண்மை வரைபடத்துல சர்வே நம்பர வச்சி பாக்கணும். அவரு இன்னும் பாக்கல, இந்த வாரம் நானே கூட்டிக்கினு போறேன்.