உலுருவா, ககாடுவா: எதற்குப் போகலாம்?

ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரிக்குப் போகிறீர்கள், பூர்வகுடிகளின் பாரம்பரிய இடங்களில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், போட்டி பெரும்பாலும் உலுரு என்ற மாபெரும் சிவப்புப் பாறைக்கும் ககாடு என்ற தேசியப் பூங்காவுக்கும்தான். இரண்டும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. இரண்டையும் மண்ணின் உரிமையாளர்களும் அரசும் சேர்ந்தே நிர்வகிக்கிறார்கள். ஆனால் பயணிக்குக் கிடைக்கும் அனுபவம் நேர் எதிர்.

போய்ச் சேர எளிது உலுருதான். சிட்னியிலிருந்து நேரடி விமானம் உண்டு, பக்கத்துச் சிற்றூர் யுலாராவில் தங்கலாம். மூன்று நாள் அனுமதிச் சீட்டு 38 ஆஸ்திரேலிய டாலர். ககாடுவுக்கு டார்வின் நகரிலிருந்து பூங்காவுக்குள் இருக்கும் ஜபிரு ஊர் வரை சுமார் 250 கிலோமீட்டர் சாலைப் பயணம். பூங்காவின் பரப்பு 20,000 சதுர கிலோமீட்டரை நெருங்குகிறது, அதனால் கார் இல்லாமல் சுற்றுவது பெரும்பாடு.

உலுருவில் 'கூடாது' என்பவை அதிகம். அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனாங்கு மக்களிடம் 1985-இல் நிலம் திருப்பித் தரப்பட்டது. பாறைமேல் ஏற வேண்டாம் என்ற அவர்களின் வேண்டுகோள் தடையாக மாறியது 2019 அக்டோபர் 26-இல்தான். இத்தனை வருடங்கள் ஏறிய கால்கள் தேய்த்த வெளிறிய தடம் பாறையில் இன்னும் தெரிகிறது. சில இடங்களில் படம் எடுக்காதீர்கள் என்று பலகைகள் கேட்டுக்கொள்கின்றன. அங்கே பாறையின் மடிப்புகளும் குழிகளுமே அவர்களுக்குப் புனித நூல். அதை எங்கே பார்க்கலாம், யார் பார்க்கலாம் என்பதற்கு முறை இருக்கிறது. அடிவாரத்தைச் சுற்றும் 10.6 கிலோமீட்டர் நடையில் கேமராவைப் பையில் போட்டுவிட்டு நடக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் பிடிக்கும். அஸ்தமனச் செல்ஃபிக்காக மட்டும் போகிறவர்களுக்கு ஒரே நாளில் சலித்துவிடும்.

ககாடு தாராளமாகக் காட்டும். பூங்காவில் உபிர் என்ற இடத்தின் பாறைச் சுவரில் பாராமுண்டி மீனின் முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் தெரிகிற மாதிரி எக்ஸ்ரே பாணியில் வரைந்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால், ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் குறைந்தது 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன தைலசின் (நாய் போன்ற, முதுகில் வரிகள் கொண்ட விலங்கு) ஓவியமாக இருக்கிறது. அருகிலேயே கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு நிற்கும் வெள்ளைக்காரர்! வந்தேறியைப் பூர்வகுடி ஓவியர் எப்படிப் பார்த்தார் என்பதைக் காட்டும் அந்தக் கேலிச்சாயல் ஒன்றுக்காகவே போகலாம். ககாடுவின் இன்னொரு பாறைப் பகுதியான பர்ருங்குய்யில் இருக்கும் அன்பாங்பாங் ஓவியங்களைப் பூர்வகுடி ஓவியர் நயோம்போல்மி 1960-களில் தீட்டினார். ஆக, இது அருங்காட்சியகப் பொருளல்ல, நேற்றுவரை நடந்த வேலை.

ஆனால் மாதத்தைப் பார்த்துப் போங்கள். மே முதல் அக்டோபர் வரைதான் ககாடுவில் வண்டி நிம்மதியாக ஓடும். மழைக்காலத்தில் உபிர் போகும் சாலையே வெள்ளத்தில் மூழ்கும். முதலைகள் எந்த மாதமும் இருக்கும், நீர்க்கரையில் கவனம். உலுரு எப்போதும் திறந்திருந்தாலும், டிசம்பர் வெயிலில் நடையை அதிகாலையிலேயே முடித்துவிட வேண்டும். 36 டிகிரியைத் தொடும் நாளில் உலுருவுக்கு அருகிலுள்ள கடா ஜுடா பாறைக் கூட்டத்தின் காற்றுப் பள்ளத்தாக்குப் பாதையை 11 மணிக்கே மூடிவிடுவார்கள்.

என் ஓட்டு ககாடுவுக்கு, அதுவும் ஜூன், ஜூலையில். கையில் மூன்று நாள்தான் இருக்கிறது, கார் ஓட்டத் தெரியாது என்றால் உலுருவுக்கே போங்கள். முதலில் அங்குள்ள பண்பாட்டு மையம், பிறகு பூங்காக் காவலர் (ரேஞ்சர்) பாறையின் அடிவாரத்தில் கூட்டிப்போகும் இலவச 'மாலா நடை'. பாறையின் நிறம் மாறுவதை மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.