முதிய பூனையின் சிறுநீரக நோய்: உடலுக்கு நீர் சேர்க்கும் வழிகளில் எது மேல்?

பத்து வயதைத் தாண்டிய பூனைகளிடம் கால்நடை மருத்துவர்கள் மிக அடிக்கடி காணும் நோய்களில் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பும் ஒன்று. வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழித்தோன்றலாக இருப்பதால், வீட்டுப்பூனையின் சிறுநீரகம் சிறுநீரை மிகவும் அடர்த்தியாக்கி நீரைச் சேமித்துக்கொள்ளும். தாக உணர்வும் அதற்குக் குறைவு. சிறுநீரகத் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போனபின் இந்த அடர்த்தியாக்கும் ஆற்றல் தளர்கிறது. அதன்பிறகு எவ்வளவு குடித்தாலும் வெளியேறும் நீரை ஈடுகட்ட முடியாமல் உடல் வறள்கிறது. வறட்சி பசியைக் கெடுக்கும், மலத்தை இறுக்கும், எஞ்சியிருக்கும் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தையும் குறைக்கும். ஆகவே எந்த மாத்திரை என்று கேட்பதற்கு முன்னால், நீரை எந்த வழியாக உள்ளே அனுப்பப்போகிறோம் என்று வீட்டில் பார்த்துக்கொள்பவர் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றுவது, தோலுக்கடியில் ஏற்றுவது, உணவோடு சேர்ப்பது, கழுத்தில் பொருத்திய குழாய் வழியாகக் கொடுப்பது என நான்கு வழிகள் உண்டு.

நரம்பு வழி ட்ரிப்ஸ் நெருக்கடிக் காலத்துக்கு உரியது. தொடர்ந்து வாந்தி எடுத்து, உடல் சில்லிட்டு, ஈறு உலர்ந்து, எழுந்து நிற்க முடியாத நிலையில் வரும் பூனைக்குத் தோலுக்கடியில் ஏற்றிப் பயனில்லை. அந்த நிலையில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால் ஏற்றிய நீர் உறிஞ்சப்படாமல் அங்கேயே தேங்கி நிற்கும். அப்படிப்பட்ட பூனையை மருத்துவமனையில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் இரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் ஒரே வளாகத்தில் முடித்துக்கொள்ளும் வசதி இத்தகைய நேரத்தில் உதவும். ஆனால் நெருக்கடி கடந்தபின்னும் வாரந்தோறும் ட்ரிப்ஸுக்காகக் கூட்டிச்செல்வதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. கூடையில் அடைபட்டு, ஆட்டோ இரைச்சலில் பயணம் செய்து, நாய்கள் குரைக்கும் கூடத்தில் காத்திருந்து திரும்பும் முதிய பூனை அன்று முழுவதும் சாப்பிடாமல் ஒளிந்துகொள்வது சாதாரணமாக நடக்கிறது. அந்தப் பதற்றத்தால் அங்கே எடுக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும்கூட உண்மை நிலையைவிட உயர்ந்து காட்டக்கூடும்.

நிலைமை சீராக இருக்கும் பூனைக்குத் தோலுக்கடியில் நீர் ஏற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். இதைக் கேட்டதும் பலர் அஞ்சுகிறார்கள். ஊசி என்றாலே செவிலியரின் வேலை என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் இங்கே நரம்பைத் தேட வேண்டியதில்லை. இரு தோள்பட்டைகளுக்கு இடையில் பூனையின் தோல் தளர்வாக இருக்கும். அதைக் கூடாரம்போலத் தூக்கி, அதன் அடிவாரத்தில் ஊசியைச் செலுத்தினால் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசலின் 500 மில்லி பாட்டிலும், ட்ரிப் செட்டும், 18 அல்லது 20 கேஜ் ஊசியும் போதும். கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிக்கும். மெல்லிய ஊசி குறைவாக வலிக்கும் என்று எண்ணி 23 கேஜ் வாங்குபவர்கள், நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை பொறுமையிழந்த பூனையைப் பிடித்துக்கொண்டு தவிப்பார்கள். சராசரி எடையுள்ள பூனைக்கு ஒரு வேளையில் 100 முதல் 150 மில்லி வரை மருத்துவர்கள் சொல்வது வழக்கம்; தினமுமா, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறையா என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தபின் ஏற்றினால் பெரும்பாலான பூனைகள் முரண்டு பிடிப்பதில்லை. ஏற்றிய இடத்தில் தோன்றும் வீக்கம் முன்காலை நோக்கிச் சரிந்து, சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் புது ஊசி வேண்டும். பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் போடாமல் கெட்டியான டப்பாவில் சேர்த்து கிளினிக்கில் ஒப்படைக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரை கலந்த பாட்டில்களை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. தோலுக்கடியில் அவை எரிச்சலையும் சீழ்க்கட்டியையும் உண்டாக்கலாம்.

செலவிலும் இந்த வழியே எளிது. ஆனால் இதன் குறை நீரோடு சேர்ந்து வரும் உப்பில் இருக்கிறது. ரிங்கர் லாக்டேட்டில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம் சோடியம் உண்டு. சோடியத்தைக் குறைத்துத் தயாரித்த சிறுநீரக உணவைத் தேடி வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் அதைவிடக் கூடுதலாகத் தோலுக்கடியில் ஏற்றுகிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரத்த அழுத்தம் உயர்ந்த பூனைக்கும், அதிலும் முக்கியமாக இதய நோயுள்ள பூனைக்கும் இது ஆபத்தாகலாம். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலோ, இரண்டு மூன்று நாட்களில் எடை திடீரென ஏறினாலோ அடுத்த வேளை ஏற்றாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீர் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்து அளவைத் தாமாகவே உயர்த்துபவர்கள் இந்த அறிகுறிகளை முதலில் தெரிந்துகொள்வது அவசியம்.

உப்பின் சுமை இல்லாமல் நீர் சேர்ப்பதற்கு உணவே நல்ல வழி. நான்கு கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 மில்லி நீர் தேவை. 50 கிராம் உலர் உணவிலிருந்து அதற்குக் கிடைப்பது ஐந்து மில்லிதான். 200 கிராம் ஈர உணவிலோ 150 மில்லிக்குமேல் கிடைக்கும். வித்தியாசம் இவ்வளவு பெரியதாக இருப்பதால், நோய் தொடக்க நிலையில் இருக்கும்போதே, அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 1.6-இலிருந்து 2.8 மில்லிகிராம் வரை உள்ள, நான்கில் இரண்டாம் கட்டத்திலேயே, ஈர உணவுக்குப் பழக்கிவிடுவது பயன் தரும். உப்பும் மஞ்சளும் வெங்காயமும் சேர்க்காமல் மீன் வேகவைத்த நீரை உணவின்மேல் ஊற்றினால் முகர்ந்து பார்த்துவிட்டு நகரும் பூனையும் நக்கும். கருவாடு மட்டும் வேண்டாம். அதில் உப்பும் பாஸ்பரஸும் மிகுதி. இந்த வழிக்கு உள்ள ஒரே தடை, பூனை சாப்பிட மறுத்துவிட்டால் இது முழுவதுமாக நின்றுபோவதுதான். முற்றிய சிறுநீரக நோயில் பசி இல்லாமல் போவது அடிக்கடி நேரும். அப்போது சிரிஞ்சால் வாயில் நீரைப் பீய்ச்சுவது புரையேற்றி நுரையீரலில் கொண்டுபோய் விட்டுவிடக்கூடும்.

கழுத்தின் பக்கவாட்டில் உணவுக்குழாய்க்குள் பொருத்தும் குழாயை நம் ஊரில் பலரும் கடைசிக் கட்டச் சித்திரவதையாகவே பார்க்கிறார்கள். எனக்கு அது மிகக் குறைவாக மதிப்பிடப்பட்ட வழியாகவே படுகிறது. சிறிது நேர மயக்க மருந்தில் பொருத்திவிட்டால் வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் இருக்கும். உணவு, நீர், மாத்திரைப் பொடி எல்லாம் அதன் வழியே போவதால் வாயைத் திறந்து போராட வேண்டியதில்லை. வெறும் நீரே போவதால் சோடியமும் சேராது. குழாய் இருக்கும்போதே பூனை தானாகவும் சாப்பிடலாம். துளையைத் தினமும் துடைத்துக் கட்டுப்போடுவதும், ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீர் விட்டுக் குழாய் அடைக்காமல் காப்பதும் பராமரிப்பவரின் வேலை. ஆனால் நலிந்த முதிய பூனைக்கு மயக்க மருந்து கொடுப்பது எளிய முடிவல்ல. இதைச் செய்யப் பழகிய மருத்துவரும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

ஆக, இரண்டாம் கட்டத்தில் உணவு வழியே போதும். கிரியாட்டினின் 2.9-ஐத் தாண்டி, எடை குறைந்து, மலம் இறுகத் தொடங்கும் மூன்றாம் கட்டத்தில், இதயத்தைப் பரிசோதித்தபின் வீட்டில் தோலுக்கடியில் ஏற்றுவதைச் சேர்த்துக்கொள்வேன். ஊசியைப் பார்த்தாலே ஒளியும் பூனையாகவோ, பிடித்துக்கொள்ள இன்னொருவர் இல்லாத வீடாகவோ இருந்தால், பூனைக்கு இன்னும் உடம்பில் தெம்பு இருக்கும்போதே குழாயைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. கிரியாட்டினின் ஐந்தைத் தாண்டிய நான்காம் கட்டத்தில் அந்தப் பேச்சைத் தொடங்கினால், மயக்க மருந்தைத் தாங்குமா என்ற தயக்கத்திலேயே நாட்கள் போய்விடும்.