சில்ட்ரன் ஆஃப் தி கார்ன் (1984): காபிக்கடை வரைக்கும் கலக்கல், பேய் வந்தபின் சொதப்பல்

கொலைகாரப் பிள்ளைகள் கூட்டத்தை வைத்து எடுத்த பேய்ப்படங்களில் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது இதுதான். இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கலாமா என்றால், முதல் பத்து நிமிடத்துக்காகவும் பிள்ளைகளின் தலைவன் ஐசக்காக வரும் ஜான் ஃப்ராங்க்ளினுக்காகவும் வாங்கலாம். கிளைமாக்ஸை நம்பி மட்டும் உட்காராதீர்கள்.

கதை நடப்பது நெப்ராஸ்காவில், கேட்லின் என்ற கற்பனை ஊரில். படம் பிடித்தது பக்கத்து மாநிலமான அயோவாவில். ஞாயிறு ஆராதனை முடிந்து ஊர்ப் பெரியவர்கள் காபிக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். காபியில் விஷம் கலந்தாகிவிட்டது. கதவு சாத்தப்படுகிறது, அரிவாள்கள் வெளியே வருகின்றன, கடைக்காரரின் கை இறைச்சி சீவும் மெஷினுக்குள் போகிறது. இத்தனை வெட்டுக்கும் நடுவில் மனதில் தங்குவது, கண்ணாடிக்கு வெளியே நின்று சலனமில்லாமல் பார்க்கும் ஐசக்கின் முகம். எல்லாமே நல்ல வெளிச்சத்தில், பட்டப்பகலில் நடக்கிறது. இருட்டை நம்பாமல் பயமுறுத்தியது இயக்குநர் ஃப்ரிட்ஸ் கீர்ஷின் கெட்டிக்காரத்தனம்.

ஃப்ராங்க்ளின் பிறந்தது 1959-இல். வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டால் உருவம் சிறுவனாகவே நின்றுவிட்டது. அதனால்தான் அந்தக் குட்டை உடம்பிலிருந்து வரும் பிரசங்கத்தில் வயதுவந்தவரின் அதிகாரம் இருக்கிறது. நிஜச் சிறுவனைப் போட்டிருந்தால் பள்ளி ஆண்டுவிழா நாடகமாகியிருக்கும். அடியாள் மலக்காயாக கோர்ட்னி கெய்ன்ஸ். அருள்வாக்கு சொல்பவனுக்கும் அரிவாள் பிடித்தவனுக்கும் அதிகாரச் சண்டை முற்றும் இடம் படத்தின் நடுப்பகுதியைத் தாங்குகிறது. நம்மூர் அரசியல் பார்த்துப் பழகியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

மற்றபடி, வழி தப்பி வரும் ஜோடியின் கதை சுமார். லிண்டா ஹாமில்டன் அதே ஆண்டு ‘டெர்மினேட்டரி’ல் என்ன செய்தார் என்று தெரிந்தவர்களுக்கு, இங்கே அவரைச் சிலுவையில் கட்டிப்போட்டு வீணடித்திருப்பது எரிச்சலூட்டும். சிறுவன் ஜோப்பின் பின்னணிக் குரலும் தேவையில்லாத ஒன்று. ஊரில் என்ன நடந்தது என்று நாமாகக் கண்டுபிடிக்க வேண்டியதை அவன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான்.

பெரிய கோளாறு கடைசிப் பகுதியில். ஸ்டீபன் கிங்கின் மூலச் சிறுகதை 1977-இல் வந்தது. அதில் கணவன் மனைவி இருவருமே பிழைப்பதில்லை, பிள்ளைகள் சாமிக்குப் பலியாக வேண்டிய வயது 19-இலிருந்து 18-ஆகக் குறைகிறது. பிள்ளைகளின் நம்பிக்கைதான் அங்கே ஆளை விழுங்குகிறது. படத்திலோ ஜோடி பிழைத்துக்கொள்கிறது, பிள்ளைகள் கும்பிடும் சோளக்காட்டுச் சாமி நேரிலேயே வந்துவிடுகிறது. மண்ணுக்கடியில் மேடாக நகரும்வரை பரவாயில்லை. அப்புறம் வானத்தில் சிவப்பு மேகமாக அது எழும்பும்போது சுமார் 8 லட்சம் டாலர் பட்ஜெட் பல்லிளிக்கிறது. கிராஃபிக்ஸ் மட்டமாக இருப்பதைக்கூட மன்னிக்கலாம். சாமி நிஜம் என்று ஆனவுடன் பிள்ளைகள் செய்த கொலைகளின் பாரம் அதன் தலையில் போய் விழுந்து, அவர்கள் வெறும் ஏவலாட்களாகிவிடுகிறார்கள். காபிக்கடையில் வயிற்றைப் பிசைந்த பயம் அங்கேயே காலி. மக்காச்சோள எரிசாராயம் கலந்த பெட்ரோலைப் பாசனக் குழாயில் விட்டு வயலைக் கொளுத்தும் யோசனை மட்டும் ரசிக்கும்படி இருக்கிறது.

வீட்டில் பார்க்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். டிவியில் மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். முதலாவது படத்தை சீரியல் மாதிரி வழுக்க வைக்கும். இரண்டாவது, பழைய பிலிமின் துகளைத் துடைக்கிறேன் என்று சோளத் தாள்களின் விளிம்பையும் சேர்த்து மெழுகிவிடும். சத்தம் இன்னும் முக்கியம். ஜோனதன் இலியாஸ் இசையில் பிள்ளைகளின் சேர்ந்திசை மெதுவாகத்தான் கிளம்பும், சோளத் தாள் உரசும் சத்தம் அதைவிட மெல்லிசு. சென்னை மே மாதத்தில் ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு டிவி ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டும் காதில் விழாது. ஏசி இல்லாத அறையென்றால் ஹெட்போன்தான் வழி. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூட வேண்டிய அவசியமில்லை, பாதிப் படம் வெயிலிலேயே நடக்கிறது.

டிஸ்க் வாங்குகிறவர்கள் ரீஜன் (எந்தப் பகுதி ப்ளேயரில் ஓடும் என்ற பூட்டு) பார்த்து வாங்குங்கள். ப்ளூ-ரேயில் இந்தியா ‘சி’ ரீஜன். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ‘ஏ’ ரீஜன் டிஸ்க், இங்கே வாங்கிய சாதாரண ப்ளேயரில் ஓடாமல் எரர் காட்டும். 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை. 2021-இல் அரோ வீடியோ போட்ட பதிப்பு அந்த வகை. 4கே ப்ளேயர் வேண்டும், அவ்வளவுதான். ப்ளேஸ்டேஷன் 5 டிஸ்க் மாடல் வைத்திருந்தால் அதுவே போதும், டிஜிட்டல் எடிஷனில் டிஸ்க் ட்ரைவ் கிடையாது.

அடுத்தடுத்து வந்த பாகங்கள் பத்துக்குப் பக்கம் இருக்கின்றன. மொத்தமாக பாக்ஸ் செட் வாங்க நினைத்தால், அந்தக் காசுக்கு கிங்கின் ‘நைட் ஷிஃப்ட்’ தொகுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். மூலக்கதை அதில்தான் இருக்கிறது, ஒரே மூச்சில் படித்துவிடலாம்.