கொடைக்கானல் ஏரிச்சாலை சங்குக் கடை: சோழி வாங்கலாம், வலம்புரி வேண்டாம்

படகுத்துறை தாண்டியதும் வரும் சின்னக் கடை. புலிச்சோழி 60 ரூபாய், தாராளமாக வாங்கலாம். அந்தப் பளபளப்பு பாலிஷ் இல்லை. உயிரோடிருக்கும்போது பிராணியின் மேலுறைத் தசை ஓட்டின்மேல் படர்ந்து புதுப்பூச்சு கொடுத்துக்கொண்டே இருக்கும். என் மகள் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள்.

சிக்கல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. "அசல் வலம்புரி சார், ஆறாயிரம்" என்றார் கடைக்காரர். சங்கின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினேன். நம் மன்னார் வளைகுடாச் சங்கென்றால் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்பு தட்டுப்படும். இது வழவழவென்று இருந்தது. அமெரிக்கக் கரையோரத்து நத்தை இனம், அது சாதாரணமாகவே வலம்புரிப் பக்கம்தான் சுழியும். சொன்னதும், "பூஜைக்கு எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறார்!

பில் கேட்டால் முறைப்பார். சாவிக்கொத்துகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம், அதுவும் சோழிக்காக.