நாள் முழுக்கக் கேட்பதா, ஒரு நிமிடத்தை எழுதிப் பார்ப்பதா?

அலுவலக ஆங்கிலம் மின்னஞ்சலில் வந்தால் புரிகிறது, கான்ஃபரன்ஸ் காலில் வந்தால் நழுவுகிறது. இதைச் சரிசெய்யப் பெரும்பாலோர் எடுக்கும் வழிகள் மூன்று: பாட்காஸ்ட் நிறையக் கேட்பது, சப்டைட்டிலோடு வீடியோ பார்ப்பது, சிறு ஒலித்துண்டைக் கேட்டு டிக்டேஷனாக எழுதிப் பார்ப்பது. பேசுபவரின் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போகும் ஷேடோயிங்கும் உண்டு. ஆனால் அது ஒலியைப் பிடிக்கவும் உச்சரிக்கவும்தான் அதிகம் உதவும். வாய் ஓடும் வேகத்தில் பொருள் பின்தங்கிவிடும்.

சப்டைட்டிலைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. எழுத்து கண்ணில் பட்டதும் காது வேலையை நிறுத்திவிடுகிறது. பாட்காஸ்ட் அப்படியல்ல, காதைப் பழக்கும், சொல்வளமும் கூட்டும். அதன் குறை, தவறாகக் கேட்டது தவறு என்று தெரியாமலே போய்விடுவது. விட்டுப்போன சொல்லை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். எல்லாம் புரிந்தது போலவே இருக்கும்.

என் ஓட்டு டிக்டேஷனுக்கு விழுவது இந்த ஒரு காரணத்தால்தான். அதில் பிழை தாளில் வந்து உட்காரும்.

துண்டு 40 முதல் 60 நொடிக்குள் இருக்கட்டும். இயல்பான பேச்சில் அதுவே நூறு, நூற்றைம்பது சொற்கள். முதலில் நிறுத்தாமல் கேட்டு, யார் யாரிடம் என்ன கேட்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் மூன்று முறை. கேட்காத இடத்தில் கோடு போடுங்கள். ஊகித்து நிரப்பினால் பயிற்சியே வீண். கடைசியில் டிரான்ஸ்கிரிப்ட்டோடு (பேசியதன் எழுத்து வடிவம்) ஒப்பிட்டு, சிவப்பில் திருத்தி, தாளை மூடிவிட்டு இன்னொரு முறை கேளுங்கள். இருபத்தைந்து நிமிட வேலை.

சிவப்பில் விழுபவை பெரும்பாலும் தெரிந்த சொற்களாகவே இருக்கும். ‘கேன்’ என்ற சொல் வேகப் பேச்சில் ‘க்ன்’ என்று சுருங்கிவிடும். அமெரிக்கர் பேச்சில் வாக்கியத்தின் நடுவே ‘கேன்’ என்று முழுதாகக் காதில் விழுந்தால், அது ‘கேன்ட்’ ஆக இருக்கலாம்; கடைசி ‘ட்’ தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. ‘வெள்ளிக்கிழமை அனுப்ப முடியும்’ என்பதற்கும் ‘முடியாது’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். எண்களிலும் இதே கதை. அமெரிக்கர்கள் ‘தர்ட்டி’, ‘ஃபார்ட்டி’ சொல்லும்போது நடு ‘ட்’ மெலிந்து ‘ட’வுக்கும் ‘ர’வுக்கும் இடையே போகும், ‘தர்ட்டீன்’, ‘ஃபோர்ட்டீன்’ என்பவற்றில் அது கூர்மையாக நிற்கும்.

எல்லாச் சொல்லையும் சரியாக எழுதியும் பொருள் தவறினால் அது காதின் கோளாறு அல்ல. ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வோம் என்று பிரிட்டிஷார் சொன்னால் விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்கர் சொன்னால் ஒத்திவைப்பது. இத்தகையவற்றைத் தனிப் பட்டியலில் போடுங்கள்.

மூலம் தேர்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தானியங்கி சப்டைட்டிலை விடைத்தாளாக வைக்காதீர்கள்: பெயரிலும் எண்ணிலும் நாம் தடுமாறும் இடத்திலேயே அதுவும் தடுமாறும். தொடக்க நிலைக்கு பிபிசி லேர்னிங் இங்கிலிஷின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்’ போதும், டிரான்ஸ்கிரிப்ட்டோடு கிடைக்கிறது. அடுத்த படிக்குப் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களின் காலாண்டு முடிவுக் கூட்டங்களின் ஒலிப்பதிவு. முதல் பாதி எழுதி வைத்து வாசிப்பது, அதைத் தள்ளிவிட்டுக் கேள்வி பதில் பகுதிக்குப் போங்கள். அதன் டிரான்ஸ்கிரிப்ட்டில் ‘அம்’, ‘யூ நோ’ போன்றவற்றை நீக்கியிருப்பார்கள். நீங்கள் எழுதியதில் அவை இருந்தால் பிழை அல்ல.

வேகத்தை 0.75-க்குக் குறைப்பது கடைசி ஆயுதம். சுருங்கிய ஒலி அதனால் விரிந்துவிடாது, இழுபடும், அவ்வளவே. குறைத்துக் கேட்டால் உடனே இயல்பான வேகத்துக்குத் திரும்புங்கள்.

டிக்டேஷன் கைகொடுக்காத இடமும் உண்டு. நாலு பேர் ஒருவர்மேல் ஒருவர் பேசும் மீட்டிங்கில் நிறுத்திக் கேட்க வழியில்லை. அந்தப் பொறுமையையும் ஓட்டத்தையும் பாட்காஸ்ட்டே தரும். பழைய தொலைபேசி இணைப்புகள் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும் என்பதால் ‘எஸ்’, ‘எஃப்’ இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். அங்கே எந்தப் பயிற்சியையும் நம்பாமல் எந்த எழுத்து என்பதை ஒரு சொல்லோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள்: ‘எஸ் ஃபார் சுகர், எஃப் ஃபார் ஃபாதர்’.