ராத்திரி கெண்டைக்கால் இழுத்தால் எதை நம்பலாம்: மெக்னீசியமா, வாழைப்பழமா, கால் பயிற்சியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் மருந்துக்கடைக்குப் போய் "ராத்திரியில நரம்பு இழுக்குது" என்றால், முதலில் எடுத்து வைப்பது மெக்னீசியம் டப்பாவாகத்தான் இருக்கும். ஒட்டுக்கடையில் சொன்னால் வாழைப்பழம் சாப்பிடு, 100 பிளஸ் பானம் குடி என்பார்கள். வீட்டிலோ கோடாலித் தைலம். காலமெல்லாம் பால் மரம் சீவியும் செம்பனைக் காட்டில் குலை சுமந்தும் ஓய்ந்த கால்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களுடைய காசு வீணாகக் கூடாது என்பதற்காகவே இந்த ஒப்பீடு.

மெக்னீசியத்திலிருந்து தொடங்குவோம், அதிகம் விற்பது அதுதான். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2020இல் வெளிவந்தது. வயதானவர்களின் கால் பிடிப்பை மெக்னீசியம் குறிப்பிடத்தக்க அளவு குறைக்க வாய்ப்பில்லை என்பதே அதன் முடிவு. கர்ப்பிணிகள் விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. வயிற்றுப்போக்கு இதன் வழக்கமான பக்கவிளைவு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மெக்னீசியம் உடம்பிலேயே தேங்கிவிடும். நம் மக்களிடையே சர்க்கரை நோய் எவ்வளவு, அதனால் சிறுநீரகம் கெட்டவர்கள் எத்தனை பேர் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரத்தத்தில் மெக்னீசியம் குறைவு என்று டாக்டர் சொன்னால் சாப்பிடலாம். மற்றபடி அந்தக் காசுக்கு மீன் வாங்கலாம்.

வாழைப்பழம் வாங்குவது பொட்டாசியத்துக்காக. ஒரு நடுத்தரப் பழத்தில் சுமார் 400 மில்லிகிராம் இருக்கும். ரத்த அழுத்தத்துக்காக ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் குறையலாம், அப்போது கால் இழுப்பதும் உண்டு. ஆனால் அதே ரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோப்ரில் எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் ஏறலாம். சிறுநீரகமும் பலவீனம் என்றால் அது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். ஆகவே எந்த மாத்திரை என்று தெரியாமல் சீப்பு சீப்பாகப் பழம் சாப்பிடச் சொல்வது நல்லதல்ல. 100 பிளஸ் வெயிலில் வியர்த்துக் கொட்டுகிறவருக்குச் சரி. சர்க்கரை உள்ள பாட்டிக்குப் படுக்கப்போகும் நேரத்தில் அது எதற்கு? வெறும் தண்ணீர் போதும்.

வைட்டமின் கே2 இப்போது புதிதாகப் பேசப்படுகிறது. 2024இல் சீனாவில் 65 வயதைக் கடந்த ஏறக்குறைய 200 பேரிடம் நடந்த சோதனையில், தினம் 180 மைக்ரோகிராம் வீதம் எட்டு வாரம் எடுத்தவர்களுக்குப் பிடிப்பு வாரத்துக்கு ஒரு தடவை என்ற அளவுக்கு இறங்கியது. நல்ல சேதிதான், ஆனால் அந்த ஒரு சோதனையை மட்டும் நம்பிக் காசைக் கொட்ட என் மனம் ஒப்பவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பழைய தோட்டத்து ஆட்கள் கேட்கும் கொயினா (குயினைன்) மாத்திரை பிடிப்பை ஓரளவு குறைக்கும், உண்மை. ஆனால் ரத்தத் தட்டணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடியது என்பதால் கால் பிடிப்புக்கு வேண்டாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2010இல் மறுபடியும் எச்சரித்தது. அதை மறந்துவிடலாம்.

நான் முதல் இடம் கொடுப்பது காசில்லாத கால் பயிற்சிக்கு. 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 55 வயதைக் கடந்த 80 பேரில் ஒரு பாதியினர் ஆறு வாரம் படுக்கும் முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டினார்கள். பிடிப்பு வருவதும் குறைந்தது, வலியின் கடுமையும் குறைந்தது. செய்யும் விதம் எளிது. சுவரைப் பார்த்து நின்று இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றுங்கள். ஒரு காலைப் பின்னால் தள்ளி, குதிகால் தரையை விட்டு எழாமல், முழங்கால் மடங்காமல் மெல்ல முன்னால் சாயுங்கள். கெண்டைச்சதை விண்ணென்று இழுபடும் இடத்தில் பத்து எண்ணும்வரை நில்லுங்கள். காலுக்கு மூன்று முறை. தடுமாறுகிற பெரியவர் என்றால் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும். நடுராத்திரியில் இழுத்துவிட்டால், ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, காலை நீட்டி, விரல்களை முகத்தை நோக்கி இழுத்தால் முடிச்சு அவிழும். தைலம் அப்புறம் தேய்க்கலாம், இதமாக இருக்கும், அவ்வளவே.

இரண்டாம் இடம் அரசாங்க கிளினிக்குக்கு. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம்தான். போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள், மூலிகை, வைட்டமின், ஆஸ்துமா மருந்து உட்பட. நீர் மாத்திரையும் சில ஆஸ்துமா மருந்துகளும் கால் இழுப்பைக் கூட்டக்கூடியவை. டாக்டர் மருந்தை மாற்றினாலே சிலருக்குத் தொல்லை தீரும். நீங்களாக நிறுத்த வேண்டாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களும் முட்டை பால் கூடத் தொடாத சைவர்களும் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது குறைந்தால் காலில் எரிச்சலும் மரமரப்பும் வரும், பலர் அதையும் நரம்பு இழுப்பு என்றே சொல்கிறார்கள்.

சதை முடிச்சுப் போடாமல், படுத்தவுடன் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் அது வேறு தொல்லை. அங்கே இரும்புச்சத்துதான் முதல் சந்தேகம், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்து வலி விடவே இல்லை என்றால், விடியும்வரை காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம்.