யூரியாவா, 15-15-15ஆ, புண்ணாக்கா? நம்ம ரங்கூன் பக்கத்து மண்ணுக்கு எது?

மே மாசம் மழை எறங்கப் போகுதுன்னா தன்லின், பகோ பக்கம் நம்ம ஆளுங்க நாலு பேரு கூடுற எடத்துல இந்தச் சண்டை வந்துடும். ஒருத்தர் யூரியா இல்லாம எதுவும் வெளையாதும்பாரு, இன்னொருத்தர் புண்ணாக்கத் தவிர எதையும் மண்ணுல போடாதேம்பாரு, நடுவுல ஒரு அண்ணன் காம்பவுண்ட், அதான் மூணு சத்தும் கலந்த 15-15-15 உரம், ஒரு மூட்டை வாங்கிப் போட்டுட்டுப் போய்ப் படுங்கப்பான்னு முடிச்சிருவாரு. என்ன பயிர்னு மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க.

மொதல்ல மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு பாப்போம். மேல தாய் எழுத்து இருந்தாலும் சீன எழுத்து இருந்தாலும் அந்த மூணு நம்பர் ஒண்ணு தான், வரிசையா தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்), நூத்துக்கு எத்தனைங்கற கணக்கு. யூரியா 46-0-0, அதாவது 50 கிலோ மூட்டைல 23 கிலோ தழைச்சத்து. 15-15-15ல அதே மூட்டைக்கு ஏழரை கிலோ தான், ஆனா மத்த ரெண்டும் கூடவே வருது. கடலைப் புண்ணாக்குல 50 கிலோவுக்கு சுமாரா மூணரை கிலோ, சாணி எருன்னா கால் கிலோ தேறினா பெரிசு. தழைச்சத்துக்கு மட்டும் கணக்கு பாத்தா யூரியாவ எவனும் ஜெயிக்க முடியாது, அது உண்மை, புண்ணாக்குக் கட்சி இதுக்கு எவ்வளவு கோவப்பட்டாலும் சரி.

ஆனா செடி மண்ணுலேர்ந்து எடுக்குற சத்து மொத்தம் 14. மூணு பெரிசு, அப்புறம் கால்சியம், மெக்னீசியம், கந்தகம், அதுக்கப்புறம் இரும்பு, துத்தநாகம், போரான்னு துளித்துளியா வேணுங்கறது எட்டு. இதுல எது குறையுதோ அது தான் வெளைச்சலப் பிடிச்சு நிறுத்தும், ஜெர்மனிக்காரர் லீபிக் 1840கள்லயே ஊரெல்லாம் பரப்பின சங்கதி. சாம்பல்சத்து இல்லாத மண்ணுல யூரியாவக் கொட்டினா கத்தரி இலை கருகருன்னு தழைச்சு நிக்கும், அசுவினிப் பூச்சி குடும்பத்தோட வந்து எறங்கும், காய் மட்டும் வராது.

அடுத்தது மழை. ரங்கூன்ல வருசத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல பெய்யுது, கிட்டத்தட்ட எல்லாமே மே மாசத்துலேர்ந்து அக்டோபருக்குள்ள. யூரியா தண்ணில கரைஞ்சு ஓடுற சாமான், மண்ணு மேலயே தூவி விட்டா ஒரு பங்கு அம்மோனியாவா காத்துல போகும், பெருமழை வந்தா மிச்சம் அடிமண்ணுக்கும் வாய்க்காலுக்கும் போகும். புண்ணாக்கு அப்படி இல்ல, கிருமி அத மெதுவா ஒடைச்சு வாரக்கணக்குல விடும், மழை அவ்வளவு சுலபமா திருடாது. அதோட தொல்லையும் சொல்லணும். பொடிச்சுப் போட்ட அன்னிக்கு ராத்திரியே தெருநாய் வந்து பாத்திய முழுசா கிண்டிப் போட்டுரும், நாய் விட்டத எறும்பு தூக்கிட்டுப் போகும். தண்ணில ஊறவச்சு நாலு நாள் புளிக்க விட்டு, மேல நுரை கட்டினதும் பத்து மடங்கு தண்ணி சேத்து ஊத்தினா இந்தப் பிரச்சனை இல்ல, நாத்தத்துக்குப் பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா திட்டுவாங்க, சின்பவுங் கீரை, அதான் நம்ம புளிச்சக்கீரை, ஒரு கட்டு குடுத்து சமாதானம் பண்ணிக்கலாம்.

என் முடிவு இது தான்: நாப்பதுக்கு அறுபது மனைல மிளகாய், கத்தரி, முருங்கைன்னு வச்சிருக்கவங்களுக்குப் புண்ணாக்கும் வெறகுச் சாம்பலும் போதும், காம்பவுண்டே வேணாம். வெறகுச் சாம்பல்னு சொல்றேன், உமிச் சாம்பல் இல்ல, ரைஸ் மில்லுலேர்ந்து சும்மா கிடைக்குதுன்னு அள்ளிட்டு வர்ற உமிச் சாம்பல்ல பெரும்பகுதி சிலிக்கா தான், சாம்பல்சத்து கொஞ்சம் தான். கீரைக்கு மட்டும் அறுத்த பிறகு ஒரு கை யூரியா, மண்ணக் கிளறி உள்ள போட்டு மூடணும். வாழை வச்சிருந்தா கதை வேற, அது சாம்பல்சத்த முழுங்குற மரம், 15-15-15 அதுக்கு யானைப் பசிக்கு சோளப்பொரி, தனியா பொட்டாஷ் 0-0-60 வாங்குங்க.

வயல்னா நான் யூரியா பக்கம். ஏக்கர் கணக்குக்குப் புண்ணாக்கு கட்டாது. ஆனா ஒரே தடவைல கொட்டாம ரெண்டு மூணா பிரிச்சு, தூர் கட்டும்போது ஒண்ணு, கதிர் உருவாகும்போது ஒண்ணுன்னு போடணும், நைட்ரேட் உரம் வேண்டவே வேணாம், தண்ணி நிக்கிற சேத்துல அது வாயுவா பறந்துரும்.

எல்லாரும் மறக்குற நாலாவது ஆளு அம்மோனியம் சல்பேட், 21 சதவீதம் தழை, 24 கந்தகம். கீழ இருக்குற பழைய இலை மஞ்சளானா தழைச்சத்துக் குறை, யூரியாவே போதும், அதே மஞ்சள் மேல கொழுந்துல மொதல்ல வந்தா கந்தகமா இருக்கலாம், அங்க யூரியா எத்தனை வீசை போட்டாலும் பலன் இல்ல, அம்மோனியம் சல்பேட் தான் மருந்து. ஆனா வருசா வருசம் போட்டா மண்ணு புளிச்சுப் போகும், அதாவது அமிலத்தன்மை ஏறிடும், ஏற்கனவே புளிச்ச மண்ணு நம்மளது. அப்புறம் இத ஈரச் சாம்பலோட கலந்துராதீங்க, கண்ணு எரியுற மாதிரி ஒரு வாடை வரும் பாருங்க, தழைச்சத்து அம்மோனியாவா பறக்குற வாடை தான் அது. சாம்பல் போட்டு ரெண்டு வாரமாவது கழிச்சு இதப் போடுங்க.